வார்ப்புப் படிமங்களில் மனிதரும் விலங்கும்

(திருத்தணிகையில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில், பள்ளித் தமிழாசிரியராகிய அன்பர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்றைய கூட்டத்திற்குப் பொருளாக யாதேனும் ஒன்றைத் தேர்ந்து பேசுக எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கணம் பேசலாமோ, புராணம் பேசலாமோ என்று முதலில் எண்ணினேன். ஆயினும், ஐந்தொழில் மரபினராகிய நாம் கூடியிருக்கும் இவ்விடத்தே நம் முன்னோர் கைவேலையைப் பற்றிப் பேசாமல் வேறெதைப் பேசினாலும் அது விருந்தினர் வீட்டு அடுப்பில் நம் வீட்டு உலை வைத்ததுபோலாகும் என்று தோன்றிற்று. ஆதலின் செம்பிலும் வெண்கலத்திலும் வார்க்கப்பெற்ற மனித உருவங்களையும் விலங்குருவங்களையும் பற்றிச் சில சொற்கள் கூறத் துணிந்தேன்.

நம் மலைமேல் ஏறித் தணிகைநாதனைத் தொழுகின்ற யாவரும் அங்குள்ள யானையைக் கண்டிருப்பீர்கள். ஏனைய முருகன் கோயில்களில் மயில் நிற்கும் இடத்தே இங்கு யானை நிற்கின்றது. அதுவும் இறைவனை நோக்காமல் கீழ்த்திசையை நோக்கி நிற்கின்றது. தெய்வயானையாரின் மணத்தில் சீராக வந்த ஐராவதம், தான் விட்டுவந்த இந்திரனுலகை நோக்கி நிற்பதாகத் தலவரலாறு கூறும். சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. விலங்காயினும் அதற்கும் ஒரு நோக்குண்டு. தான் பிறந்த இடத்தின்மேல் அதற்கும் ஒரு நினைவுண்டு. அதனை அறிந்தவனே அதன் உருவத்தைச் செய்யத் தக்கவன். அந்த யானை கல்லால் ஆயது. நான் இன்று பேசவந்தது வார்ப்பு வேலையைப் பற்றியது. ஆயினும் இரண்டிற்கும் இவ்வுண்மை பொதுவானது.

முதலில், படிமம் வார்க்கும் முறையை இங்குள்ள சிறார்கள் அறியும்பொருட்டுச் சுருங்கக் கூறுகின்றேன். பெரியோர்கள் பொறுத்தருளல் வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி உருக்கி, அந்த மெழுகால் படிமம் முழுமையும் முதலிற் செய்வர். அளவுக்குத் தென்னையோலை நறுக்கே கோல். ஓலையைப் படிமத்தின் உயரத்திற்கு நறுக்கி, மடித்து மடித்துக் கூறிட்டு, நெற்றி இவ்வளவு, மூக்கு இவ்வளவு, முழந்தாள் இவ்வளவு என்று வகுப்பர். பெருந்தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலம் என்னும் அளவில் முழுவுயரமும் 124 கூறாகும். பின்னர் அம்மெழுகுருவின்மேல் நுண்ணிய வண்டல்மண்ணை மெல்லப் பூசி நிழலில் உலர்த்துவர். அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்து பூசி, பெரிய படிமமாயின் இரும்புக் கம்பி கட்டி இறுக்குவர். உலர்ந்த கருவை வறட்டித் தீயிற் காய்ச்ச, உள்ளிருந்த மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு விட்டுச்சென்ற வெற்றிடத்தே உருக்கிய உலோகத்தை வார்ப்பர். மெழுகின் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு எடையுள்ள உலோகம் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஆறியபின் மண்கருவை உடைத்துப் படிமத்தை வெளியே எடுத்து, உளியாலும் அரத்தாலும் திருத்தி, இறுதியிற் கண் திறப்பர்.

இதில் ஒரு நுட்பத்தை நோக்குங்கள். மெழுகும் போயிற்று, கருவும் உடைந்தது. ஆகவே கனவார்ப்பாகச் செய்த ஒரு படிமத்தைப்போல் அதே அச்சிலிருந்து மற்றொன்று எடுத்தல் இயலாது. ஒருமுறை செய்தது ஒருமுறை செய்ததே. வார்க்கும்போது காற்றுக்குமிழ் ஒன்று தங்கினாலும், ஒரு விரலுக்குள் உலோகம் சென்று சேராவிடினும், பல நாள் உழைப்பு ஒரு நாழிகையிற் பாழாகும். துருத்தியின் முன் அமர்ந்து நம் முன்னோர் பழகிய பொறுமை அத்தகையது.

இனி, நூல் அளவைத் தருகின்றது. நோக்கை யார் தருகின்றார்? இதுவே என் பேச்சின் நடுப்பொருள். ஓலை நறுக்கு மூக்கின் நீளத்தைச் சொல்லும். அந்த முகம் எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஓலை சொல்லாது. அதனைத் தெருவிலும் வயலிலும் தன் வீட்டுத் திண்ணையிலும் கண்ட மனிதரிடமிருந்தும் விலங்கினிடமிருந்தும் வார்ப்பாளனே கற்றான். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் ஊருக்கு அணித்தே உள்ள திருவாலங்காட்டிலிருந்தே தொடங்குவோம்.

திருவாலங்காடு இரத்தினசபை எனப் போற்றப்படுவது. ஐந்து சபைகளுள் ஒன்று. 1905-ம் ஆண்டில் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்ததும் அவ்வூரிலேதான். 31 ஏடுகளைக் கொண்ட அத்தொகுதி சோழர் வரலாற்றுக்கு ஒரு பெருங்கருவூலம். அவ்வூரைச் சேர்ந்த ஆடவல்லான் திருமேனி ஒன்று இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாசியின்றி நிற்கின்றது. திருவாசி இல்லாமையால் அந்த உடலின் அசைவும் நிலையும் மறைப்பின்றித் தெரிகின்றன. வெண்கலத்தில் மனித உடலை வார்ப்பதில் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடின் என்பவர் அருங்காட்சியகத்துத் திருமேனிகளின் நிழற்படங்களை மட்டுமே கண்டு, வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917-ல் மறைந்தபின், 1921-ல் அது அச்சாயிற்று. தம் தொழிலிற் கைதேர்ந்த ஒருவர், கடல் கடந்து வந்த படத்தைப் பார்த்த அளவிலேயே, இதைச் செய்தவன் உடலை அறிந்தவன் என்று உணர்ந்தார். நம் ஊரிலிருந்து புகைவண்டியில் ஏறிச் சென்று நேரிலே காணத்தக்க நம்மில் எத்தனை பேர் அதனைக் கண்டிருக்கின்றோம்? கூட்டம் முடிந்தபின் அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்வோமாக.

திருவாலங்காடு என்றவுடன் காரைக்காலம்மையார் நினைவுக்கு வருவார். இறைவன் ஆடலைக் கண்டு அம்மையார் வீற்றிருந்த தலம் அதுவன்றோ? அம்மையாரின் செப்புத் திருமேனிகள் பல கோயில்களில் உண்டு. சோழர் காலத்தினது ஒன்று அமெரிக்க நாட்டுக் கான்சாஸ் நகரத்து அருங்காட்சியகத்திலும் உள்ளது. பெண்ணுருவம் என்றால் இளமையும் எழிலுமே என்று கொண்டிருந்த காலத்தில், அவ்வார்ப்பாளன் எலும்பெழுந்த மார்பும், வற்றிய தனமும், ஒடுங்கிய வயிறும் உடைய ஒரு முதியவளைச் செய்து, கையிலே தாளத்தைக் கொடுத்து, முகத்திலே குன்றாத மகிழ்ச்சியை வைத்தான். இந்த உடலை அவன் எங்கே கண்டான்? பஞ்ச காலத்துத் தெருவிலோ, தன் பாட்டியிடத்தோ, வயல் வேலை முடித்து வரப்பில் அமர்ந்த ஒரு கிழவியிடத்தோ கண்டிருத்தல் வேண்டும். அருவருக்காமல் கண்டான், அதனால்தான் நாமும் அருவருக்காமல் கைகூப்புகின்றோம்.

அடுத்துத் திருவெண்காட்டுக்கு வாருங்கள். சீகாழிக்கு அருகில் உள்ள அவ்வூரில், 1951-ம் ஆண்டை ஒட்டி, மண்ணுள் புதைந்திருந்த செப்புத் திருமேனிகள் பல வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று இடபவாகன தேவர் திருமேனி. இராசராசன் காலத்தில், 1011-ம் ஆண்டளவில் எழுந்தருளுவிக்கப்பட்டது என்று கல்வெட்டால் அறிகின்றோம். இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. இறைவனுக்கு அங்கே நான்கு கைகள் இல்லை. நம்மைப்போல் இரண்டே கைகள். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டியிருக்கின்றார். ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலைக் குறுக்கே வைத்து, மாலையில் மாடு ஓட்டி வந்த ஓர் இளைஞன் தன் எருதின்மேல் கையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் நிற்கின்றார். முழங்கை மடிந்து, கை தளர்ந்து தொங்குகின்றது. ஆனால் அந்தக் கையின்கீழே எருது இல்லை. அது கிடைக்கவில்லை.

எருது இல்லாதிருந்தும் எருதை நாம் காண்கின்றோம் என்பதே வியப்பு. அதன் உயரம் இவ்வளவு என்று கை சொல்கின்றது. அது அசையாமல் நிற்கும் சாதுவான எருது என்று தோள் சொல்கின்றது. பல நாள் பழகிய எருது என்று இடை சொல்கின்றது. மனிதன் விலங்கின்மேல் சாயும்போது உடல் எப்படித் தளரும் என்று அறியாத ஒருவன், எத்தனை நூல் கற்றாலும், அந்தக் கையைச் செய்திருக்க முடியாது. அவ்வூரிலேயே கிடைத்த கண்ணப்பர் திருமேனியும் அத்தகையது. நம் வடக்கே காளத்தியில் வழிபட்ட அவ்வேடரை வேட்டுவக் கோலத்தோடே, கூப்பிய கையோடே வார்த்தனர். அடியாராயினார் என்பதற்காக அவருடைய காட்டுவாழ்க்கையைக் களைந்துவிடவில்லை.

அரசர்களும் வார்ப்பில் நின்றார்கள். நமக்கு அண்மையில் உள்ள திருமலைக்குச் செல்வோர், வாயிலைக் கடந்தவுடன், 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கும் செப்புருவங்களைக் காணலாம். அவரவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசராயினும் அங்கே அவர் வரிசையில் நிற்கும் ஓர் அடியார். செய்தவனும் அப்படியே செய்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனுக்கும் உலகமாதேவியாருக்கும் படிமங்கள் எடுத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. அவ்விருவருடையன என்று கொள்ளப்பட்ட இரு படிமங்கள் 2018-ம் ஆண்டில் குசராத்திலிருந்து மீட்டுத் தஞ்சைக்குக் கொணரப்பட்டன.

இவ்விடத்தே சற்று நின்று எண்ணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் படிமங்களைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன! கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா, திருக்கைகள் எத்தனை, உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை, பீடம் எவ்வளவு, எழுந்தருளுவித்தவர் யார் என்றெல்லாம் எழுதப்பட்டுள்ளன. கோயிலை எடுத்த பெருந்தச்சனுடைய பெயரும், குஞ்சரமல்லன் என, கல்லில் உண்டு. ஆயின் படிமத்தை வார்த்தவன் பெயர்? அதை மட்டும் எழுதவில்லை. விரலும் தோரையும் எழுதியவர்கள், அந்த விரல்களை ஆக்கிய விரல்கள் யாருடையவை என்று எழுதவில்லை.

இதற்கு மாறாகப் பிற்காலத்தில் ஒரு சான்று உண்டு. திருவிடைமருதூர்க் கோயிலில் ஒரு பாவை விளக்கு உள்ளது. அம்முனுபாய் என்னும் மராட்டிய மாது, தான் விரும்பிய பிரதாபசிம்மனையே மணந்தால் விளக்கேற்றுவதாக நேர்ந்துகொண்டு, எண்ணம் நிறைவேறியதும், 1853-ம் ஆண்டில், தானே விளக்கேந்தி நிற்பதுபோல் ஒரு படிமம் செய்வித்தாள். தெய்வமும் அன்று, அரசியும் அன்று. நன்றி செலுத்த வந்த ஒரு பெண். அப்பீடத்தின் எழுத்தில் வார்த்தவர் பெயரும் உள்ளது: ஆரிய பத்தர் மகன் கன்னிய பத்தர். தந்தையையும் மகனையும் சேர்த்தே எழுதியிருக்கின்றார்கள். அம்முனுபாயின் நேர்ச்சையைப் படிக்கும்போது மகிழ்ந்தேன். கன்னிய பத்தர் என்ற பெயரைப் படித்தபோது, உண்மையாகவே சொல்கின்றேன், என் கண் கலங்கிற்று. அதன் காரணத்தை இனி மறைக்காமல் கூறிவிடுகின்றேன்.

என் பாட்டனார் கன்னார் தொழில் செய்தவர். குடமும் மணியும் குத்துவிளக்கும் வார்த்து வயிறு வளர்த்தார். உலோகம் மிஞ்சும் நாட்களிலே, யாரும் கேளாமலே, சிறுசிறு உருவங்கள் செய்வார்: கோல் ஊன்றிய ஆட்டுக்காரன், முறம் ஏந்திய பெண், குஞ்சுகளோடு கோழி, படுத்திருக்கும் எருது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு நாள், “படுத்த மாடு எழும்போது முதலில் முன்காலை ஊன்றுமா, பின்காலை ஊன்றுமா?” என்று கேட்டார். “முன்காலை” என்றேன். என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுத்த வீட்டுத் தொழுவத்தின்முன் அமர்த்தினார். நெடுநேரம் காத்திருந்தோம். மாடு முன்னே மண்டியிட்டபடியே முதலிற் பின்பக்கத்தைத் தூக்கிற்று; அதன்பின்னரே முன்கால்களை ஊன்றி நின்றது. “குதிரை எழுவது வேறு, மாடு எழுவது வேறு. தெரியாததைச் செய்யாதே, பார்த்துவிட்டுச் செய்” என்றார். அன்று அவர் எனக்குச் சொன்னதைவிடச் சிறந்த பாடத்தை நான் என் மாணவர்க்கு இன்றுவரை சொன்னதில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது தமிழ்ப் புலவர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கட்டணம் கட்டப் பணம் இல்லை. என் தந்தையார் பரண்மேலிருந்த பழம்பொருள்களை எல்லாம் ஒரு சாக்கிற் கட்டிப் பாத்திரக்கடை ஒன்றிற்குக் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். பாட்டனாரும் தள்ளாத காலோடு வந்தார். ஆட்டுக்காரனும், முறத்துப் பெண்ணும், கோழியும், எருதும் ஒன்றாய்த் தராசிற் குவிந்தன. முள் சற்றே நேராகவில்லை. பாட்டனார் தம் மடியிலிருந்து ஒரு சிறு எருதை எடுத்தார். அதை மட்டும் தமக்கென்று ஒளித்து வைத்திருந்தார் போலும். அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தாமே தராசில் வைத்தார். “பிள்ளை படிக்கட்டும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவை உருகிக் குடமாயினவோ, குழாயாயினவோ, யானறியேன்.

அப்பணத்தால்தான் நான் தமிழ் கற்றேன். இன்று உங்கள்முன் நின்று பேசுகின்றேன். அதற்காக வருந்துவது பாட்டனாருக்கு நன்றி மறந்ததாகும். கடைக்காரர்மேலும் குறையில்லை, எடைக்குரிய விலையை நேர்மையாகவே கொடுத்தார். குறை என்னுடையது. இளைஞனாகிய எனக்கு அன்று ஒரு துண்டுத்தாளும் எழுதுகோலும் கிடையாவோ? எத்தனை உருவம், எவ்வளவு உயரம், எந்த ஆண்டு செய்தது, செய்தவர் யார் என்று நான் எழுதி வைக்கவில்லை. இராசராசன் கல்வெட்டில் வார்ப்பாளன் பெயர் இல்லையே என்று குறைகூறுகின்ற நானே என் பாட்டனாரின் பெயரை எங்கும் எழுதாமல் விட்டேன். பின்னொரு நாள் தஞ்சையில் எருதில்லாத அந்த வெறுங்கையின்முன் நின்றபோது, என் கால்கள் நகர மறுத்தன.

பெரியோர்களே! இக்கலை நம் குலத்துக்கே உரிய தனியுடைமை என்று நான் சொல்ல வரவில்லை. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பீர்கள். 1959-ல் நிறுவப்பட்ட அதனைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்காளியர். 1929-ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராகி, அப்பதவியை வகித்த முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றவர். பாறையைப் புரட்டும் நான்கு மனிதரை அவர் வார்த்தபோது, பள்ளியின் இரவுக் காவலாளியையும் ஒரு மாணவரையும் முன்னிறுத்திப் பார்த்துச் செய்தார் என்பர். இடுப்பில் ஒரு சுற்றுத் துணியும், புடைத்த நரம்புமாக நிற்கும் அவர்கள் எந்த ஊர்க் கூலிக்காரரும் ஆகலாம். அவர் மரபும் முறையும் வேறு. ஆயினும், பார்த்துவிட்டுச் செய் என்ற என் பாட்டனார் சொல்லை அவரும் கைக்கொண்டார். பார்ப்பவன் எவனோ அவனுக்கே இக்கலை உரியது.

நம் வழிவழி வந்த முறையும் மாய்ந்துவிடவில்லை. நம் தணிகையைப்போலவே முருகன் படைவீடாகிய சுவாமிமலையில் இன்றும் தபதியர் மெழுகு பிசைகின்றனர். காவிரி வண்டல் பூசுகின்றனர். 2023-ம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் திருமேனியை அவர்களே மெழுகுவார்ப்பு முறையில் வார்த்தனர். அதன் எடை ஏறத்தாழ 18 டன். மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியும் இருக்கின்றது. ஆகவே கற்க இடமில்லை என்று நாம் சொல்லமுடியாது.

இனி என் விண்ணப்பங்கள் மூன்றே.

முதலாவது, உங்கள் பரண்களைப் பாருங்கள். பழைய விளக்கோ, மணியோ, உடைந்த வாகன உருவமோ இருப்பின் எடைக்குப் போடாதீர்கள். வறுமையால் விற்றே தீரவேண்டுமாயின், அதற்கும் நான் தடை சொல்லேன். பசித்த வீட்டுக்கு அறிவுரை சொல்வது எளிது. ஆனால் விற்குமுன் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்து, அளவெடுத்து, செய்தவர் பெயரை எழுதிக்கொள்கின்றோம்.

இரண்டாவது, சங்கத்தில் ஒரு பெரிய குறிப்பேடு வைப்போம். நம் வட்டத்தில் உலோகவேலை, கல்வேலை, மரவேலை செய்து மறைந்த முதியோர் பெயர்களை, தந்தை பெயரோடும், அவர்கள் செய்த பொருளோடும், அது இன்று நிற்கும் கோயிலோடும் பதிவோம். பாட்டிமார்களுக்கு இவை நினைவிருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். எழுதும் வேலையை நானே மேற்கொள்கின்றேன். தமிழ் கற்றதற்கு அதைவிட நல்ல பயன் எனக்கு இல்லை.

மூன்றாவது, ஆண்டுதோறும் நம் பிள்ளைகளை, பெண்பிள்ளைகளையும் சேர்த்தே, எழும்பூர்க் கூடத்திற்கு ஒருமுறை அழைத்துச் செல்வோம். திருவாலங்காட்டுத் திருமேனியின்முன் அவர்களை நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் கால் நாழிகை பார்க்க விடுவோம். பத்துப் பிள்ளைகளுள் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து களிமண்ணைப் பிசைந்து ஒரு மாடு செய்தால், அது எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று நம்மைக் கேட்டால், இச்சங்கம் நடத்துவதன் பயன் கைகூடிற்று என்றே கொள்வேன்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தை இன்றே தொடங்கிவிட்டேன். அதில் என் பாட்டனார் பெயரையும், அவர் தந்தையார் பெயரையும் எழுதி, அதன்கீழே ‘ஆட்டுக்காரன் ஒன்று, முறம் ஏந்திய பெண் ஒன்று, குஞ்சுகளோடு கோழி ஒன்று, எருது இரண்டு, இப்போது இல்லை’ என்று எழுதியிருக்கின்றேன். அடுத்த பக்கம் வெறுமையாக உள்ளது. கூட்டம் முடிந்ததும் யாரேனும் ஒருவர் வந்து ஒரு பெயர் சொல்வீர்கள் என்று எழுதுகோலோடு காத்திருக்கின்றேன்.